பழைய வாட்ச் போதுமா?

ஜி.பி.எஸ். வாட்ச் வாங்கி நாலைந்து வருடம் ஆகிவிட்டால் அதன் மேல் நமக்குச் சந்தேகம் வரத் தொடங்கும். பெரும்பாலும் அது ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் முடிந்து இளநீர் வண்டி முன் நிற்கும்போதுதான் வரும். “உங்களுக்கு எவ்வளவு காட்டுது சார்?” “21.1.” “எனக்கு 20.8தான்ணா.” யாருடைய வாட்ச் புதியதோ அவர் சொன்னதே சரியான தூரம் என்று அங்கேயே தீர்ப்பாகிவிடும். மற்றவர் வீடு போய்ச் சேர்வதற்குள் ஷாப்பிங் ஆப்பில் மூன்று மாடல்களைப் பார்த்து முடித்திருப்பார்.

அவசரப்பட வேண்டாம். பழைய வாட்சைப் பற்றி ஓட்டக்காரர்கள் சொல்லும் குறைகளில் பல, வாட்சின் குறைகளே அல்ல. சிலவற்றைத் துடைத்தால் சரியாகும், சிலவற்றை செட்டிங்கில் மாற்றினால் சரியாகும், சில எந்த வாட்ச் வாங்கினாலும் தீராது. இவற்றைக் கழித்த பிறகு மிச்சம் நிற்கும் குறைக்காக மட்டும் பணம் செலவழிக்கலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு.

உதாரணத்துக்கு கார்மின் ஃபோர்ரன்னர் 235-ஐ எடுத்துக்கொள்வோம். 2015 இறுதியில் வந்த மாடல். நெஞ்சுப்பட்டை கட்டாமல் மணிக்கட்டிலேயே இதயத்துடிப்பைக் காட்டும். இன்றும் அதிகாலை மெரினாவில் இதைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். உங்களுடையது போலார், சூன்டோ, கோரோஸ் என்று எதுவாக இருந்தாலும் இங்கே சொல்லும் சோதனைகள் பொருந்தும்.

பேட்டரி எவ்வளவு மிச்சம்?

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான். செட்டிங்கை மாற்றித் தள்ளிப்போடலாமே தவிர, முழுவதும் தீர்க்க முடியாத ஒரே முதுமை பேட்டரியின் முதுமை.

235 புதிதாக வந்தபோது ஜி.பி.எஸ். ஓடும் நிலையில் 11 மணி நேரம் தாங்கும் என்றார்கள். லித்தியம் அயான் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவுக்கு இறங்கும். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடுகிறவருக்கு வாரம் ஒரு சுற்றுக்கு மேல் செலவாகும். ஆக, ஐந்தாறு வருடத்தில் அந்த எல்லை வந்துவிடுகிறது. மே மாதத்தில் காருக்குள் மறந்து வைத்தது, இரவு முழுக்கச் சார்ஜரிலேயே விட்டது என்று வெப்பமும் முழு சார்ஜும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் தின்றிருக்கும்.

ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். அடுத்த லாங் ரன்னுக்கு முன் 100 சதவீதம் ஏற்றுங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் 100 என்பது 74 ஆனால் மணிக்கு 13 சதவீதம் போகிறது. பழைய பேட்டரியில் கடைசி 20 சதவீதத்தை நம்பக் கூடாது, படபடவென்று இறங்கி அணைந்துவிடும். எனவே 80-ஐ 13-ஆல் வகுங்கள்: ஆறு மணி நேரம் சொச்சம். இதுதான் உங்கள் வாட்சின் உண்மையான ஆயுள்.

இப்போது உங்கள் பந்தயத்தோடு ஒப்பிடுங்கள். 10 கிலோமீட்டரும் ஹாஃபும் ஓடுகிறவருக்கு ஆறு மணி நேரம் என்பது தாராளம். முழு மாரத்தானை நாலரை மணி நேரத்தில் முடிப்பவருக்கும் போதும். ஐந்தரை மணி நேரம் ஆகிறவர், தொடக்கக் கோட்டில் அரை மணி நேரம் காத்திருக்கும்போதே ஜி.பி.எஸ்.ஸை இயக்கிவிடும் பழக்கமும் உள்ளவர் என்றால் இழுபறிதான். 12 மணி நேர ஸ்டேடியம் ரன்னுக்கோ 50 கிலோமீட்டருக்கு மேலான அல்ட்ராவுக்கோ பெயர் கொடுத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், வாட்சை மாற்றுங்கள். நடுவில் இருக்கிறவர்கள் பந்தய நாளில் போன் அறிவிப்புகளை நிறுத்தி, க்ளோனாஸ் என்ற கூடுதல் செயற்கைக்கோள் வசதியை அணைத்து ஜி.பி.எஸ். மட்டும் வைத்துக்கொண்டால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்.

பேட்டரியை மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்பார்கள். இந்த வாட்சுகள் தண்ணீர் புகாதபடி மூடப்பட்டவை. பிரித்து மாற்றித் தரும் கடைக்காரர்கள் உண்டு, ஆனால் அதற்குப் பிறகு தண்ணீர் புகாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நம் ஊர் வியர்வைக்கு அது பெரிய ஆபத்து.

சார்ஜே ஏறவில்லை என்பது வேறு கதை. வாட்சின் முதுகில் உள்ள உலோகப் புள்ளிகளைப் பாருங்கள். வியர்வை உப்பு காய்ந்த நிலையில் சார்ஜர் மாட்டுவதால் அவை கறுத்தோ பச்சைப் பூத்தோ இருக்கும். பழைய டூத்பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டிப் பாருங்கள். சார்ஜர் முனையின் ஊசிகளையும் அப்படியே. அழுத்தினால் சிக்கிக்கொள்ளும் பட்டன்களும் பெரும்பாலும் உப்பால் சிக்குகின்றன. வாட்சை வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, பட்டனைப் பலமுறை அழுத்திவிட்டால் பல நேரம் விட்டுக்கொடுக்கும்.

தூரம் தப்பாகக் காட்டுகிறதா?

அதிகம் பேசப்படும் குறை இது. வாட்ச் சரியாகவே வேலை செய்யும்போதும் அதிகம் திட்டு வாங்குவதும் இதற்காகத்தான்.

முதலில் மாரத்தான் கணக்கைப் பார்ப்போம். 42.195 கிலோமீட்டர் பாதையை அளப்பவர்கள், சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில், வளைவுகளின் உள்ஓரத்தை ஒட்டி, ஓடச் சாத்தியமான மிகக் குறுகிய வழியில் அளக்கிறார்கள். பாதை குறைந்துபோகக் கூடாது என்று 0.1 சதவீதம், அதாவது 42 மீட்டர், கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். கூட்டத்தில் ஒதுங்கி, தண்ணீர் மேசைக்குக் குறுக்கே போய், வளைவுகளில் வெளியே சுற்றி ஓடும் நாம் அந்தக் கோட்டில் ஓடுவதே இல்லை. முடிவில் வாட்ச் 42.7 காட்டினால் ‘கோர்ஸ் நீளம் தப்பு’ என்பார் ஒருவர், ‘வாட்ச் போச்சு’ என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஓடிய தூரமே அதிகம், அதன் மேல் ஜி.பி.எஸ்.ஸின் சின்னத் தடுமாற்றம் வேறு.

இதில் உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க நினைப்பவர் சராசரி பேஸ் 5:40 என்று வைத்து, வாட்சில் அதையே கடைசிவரை பார்த்துக்கொண்டு ஓடுகிறார். 42.195-க்கு அந்தக் கணக்கு 3:59:06. வாட்சின் கணக்கில் 42.7 ஓடியதால் கோட்டைத் தாண்டும்போது கடிகாரம் 4:01:58. வாட்ச் கடைசிவரை 5:40 என்றே காட்டியிருக்கும். புதிய வாட்ச் வாங்கினாலும் இது கிட்டத்தட்ட இப்படியேதான் நடக்கும். மருந்து ஒன்றுதான்: ஆட்டோ லேப்பை அணைத்துவிட்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் லேப் பட்டனைக் கையால் அழுத்துங்கள். 235-இலும் அந்தப் பட்டன் இருக்கிறது.

அடுத்தது, முதல் கிலோமீட்டர் மட்டும் கோணல்மாணலாக வருவது. செயற்கைக்கோள்கள் எப்போது எங்கே இருக்கும் என்ற முன்கணிப்புக் கோப்பு ஒன்றை வாட்ச் போன் வழியாக இறக்கிக்கொள்ளும். அது சில நாட்களுக்கே செல்லும். பத்து நாள் சிங்க் செய்யாத வாட்ச், வானத்தை ஆதியிலிருந்து தேட வேண்டியிருக்கும். முந்தின இரவு சிங்க் செய்யுங்கள். காலையில் சிக்னல் கிடைத்துவிட்டது என்று காட்டிய பிறகும் ஒரு நிமிடம் நின்று தொடங்குங்கள். டேட்டா ரெக்கார்டிங் என்ற செட்டிங் ‘ஸ்மார்ட்’ என்று இருந்தால் ‘ஒவ்வொரு நொடியும்’ என்று மாற்றுங்கள். ஸ்மார்ட் முறையில் நினைவகத்தை மிச்சப்படுத்த இடையிடையே புள்ளிகளை விட்டுவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு சோதனை. 400 மீட்டர் ட்ராக்கில் சோதிக்காதீர்கள். இடைவிடாமல் வளைந்துகொண்டே இருப்பதால் அது ஜி.பி.எஸ்.ஸுக்குக் கடினமான இடம். தவிர, இரண்டாம் லேனில் ஓடினால் ஒரு சுற்று 407 மீட்டர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காமராஜர் சாலை மாதிரி வானம் திறந்த இடத்தில், ஒரே பாதையைப் பல நாள் ஓடுங்கள். 10.02, 9.98, 10.04 என்று வந்தால் வாட்ச் நன்றாக இருக்கிறது. நேற்றைய ஓட்டத்தோடு இன்றைய ஓட்டத்தை ஒப்பிட இந்த ஒழுங்கு போதும். மேப்பில் கோடு கடற்கரை மணலுக்குள்ளும் எதிர்ப்பக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளும் மாறி மாறிப் பாய்ந்தால், அதுவும் நாள்தோறும் பாய்ந்தால், ஆன்டெனாவோ சிப்போ கைவிட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர் வழியாக நூறடி சாலையில் மெட்ரோ பாலத்தின் அடியில் ஓடுகிறவர்களுக்கும், ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஓடுகிறவர்களுக்கும் கதை வேறு. இங்கேதான் புதிய தலைமுறை வாட்ச் நிஜமாகவே வித்தியாசம் காட்டுகிறது. பழைய வாட்சுகள் எல்1 என்ற 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் கேட்கும். இரட்டை அலைவரிசை வாட்சுகள் 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்5-ஐயும் கேட்கும். செயற்கைக்கோளிலிருந்து நேராக வரும் சிக்னலும், கட்டடத்தில் பட்டுத் திரும்பிச் சற்றுத் தாமதமாக வரும் சிக்னலும் கலந்துபோவதுதான் நகரத்தில் வரும் பிழைக்குக் காரணம். சிக்னலில் உள்ள குறியீட்டின் ஒரு துண்டு எல்1-இல் சுமார் 300 மீட்டர் நீளம், எல்5-இல் சுமார் 30 மீட்டர். துண்டு சிறிதாக இருப்பதால் நேராக வந்தது எது, பட்டுத் திரும்பியது எது என்று பிரிப்பது எல்5-இல் எளிது. ஆனால் தலைக்கு மேல் கான்கிரீட் கூரையே இருந்தால் எல்5-ம் திணறும். பாலத்தின் நேர் அடியில் அற்புதம் எதிர்பார்க்காதீர்கள், பக்கவாட்டில் ஓடும்போது நன்றாகத் தெரியும்.

கடையில் கவனமாகக் கேளுங்கள். புதிய மாடல் எல்லாவற்றிலும் இரட்டை அலைவரிசை கிடையாது. 2022-இல் வந்த ஃபோர்ரன்னர் 255, 2023-இல் வந்த 265, அதே ஆண்டு வந்த கோரோஸ் பேஸ் 3 ஆகியவற்றில் உண்டு. 2024-இல் வந்த ஃபோர்ரன்னர் 165-இல் இல்லை. திரை பளபளக்கிறது என்று 165-ஐ வாங்கிவிட்டு, மெட்ரோ பாலத்தின் பக்கவாட்டில் கோடு ஏன் இன்னும் கோணுகிறது என்று கேட்பதில் பயனில்லை.

இதயத்துடிப்பு

கிராஃப் முதல் நிமிடத்திலேயே 176-க்கு ஏறி, அரை மணி நேரம் தட்டையாக நிற்கிறதா? பேசிக்கொண்டே ஓடிய மெதுவான ஓட்டத்தில் 176 வராது. அதே ஓட்டத்தின் கேடன்ஸை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி வைத்தீர்கள் என்பதை, பாருங்கள், அதுவும் 176 ஆக இருக்கும். வாட்சின் அடியில் உள்ள பச்சை விளக்கு ரத்த ஓட்டத்தின் அசைவுக்குப் பதில் கை வீச்சின் அசைவைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே தள்ளி, ஒரு துளை இறுக்கிக் கட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

இன்டர்வெல் பயிற்சியில் துல்லியம் வேண்டும் என்பவர் வாட்சை மாற்றுவதை விட நெஞ்சுப்பட்டை வாங்குவதே மேல். அது இதயத்தின் மின்துடிப்பையே எடுப்பதால் தாமதம் குறைவு. ஒரு நாணய பேட்டரி பல மாதம் வரும், புதிய வாட்சின் விலையில் ஒரு சிறு பகுதிதான் ஆகும். ஆன்ட் பிளஸ் என்ற கம்பியில்லா இணைப்புள்ள பட்டை என்றால் 235-உடன் சேரும். நாளை வாட்ச் மாறினாலும் ஆன்ட் பிளஸ், புளூடூத் இரண்டும் உள்ள பட்டை கூடவே வரும்.

வி.ஓ.2 மேக்ஸ் எண் ஏப்ரல், மே மாதங்களில் இறங்குவதைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னைப் புழுக்கத்தில் அதே வேகத்துக்கு இதயம் அதிகமாக அடிக்கும். பழைய வாட்ச் அதை உங்கள் உடல்தகுதி குறைந்ததாக எண்ணிக்கொள்ளும். பின்னர் வந்த சில கார்மின் மாடல்கள் வெப்பநிலை 22 டிகிரிக்கு மேல் போனால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. நமக்கோ 22 டிகிரி என்பது மார்கழி விடியற்காலை. வசதி நல்லதுதான். ஆனால் மே மாத எண்ணைப் பார்க்காமலிருப்பதும் ஒரு வசதி, அதற்குக் காசு கிடையாது.

ரெக்கவரி, ட்ரெயினிங் ரெடினஸ், தூக்க மதிப்பெண் வகையறாவைப் பற்றி ஒரே கேள்வி: ‘இன்று உனக்கு ஓய்வு’ என்று வாட்ச் சொன்னால் நீங்கள் ஓடாமல் இருப்பீர்களா? இருக்க மாட்டீர்கள் என்றால் அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

யாரும் வெளியே சொல்லாத ஒரு நல்ல காரணம்

நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் வாட்ச் மாற்றுவதற்கு உள்ளதிலேயே நியாயமான காரணம் கண். காலை நாலரை மணி இருட்டில், கண்ணாடி இல்லாமல், கையை நீட்டிப் பிடித்து எட்டணா அளவு எழுத்தைப் படிக்க முடியவில்லை. இதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு ஜி.பி.எஸ். மேல் பழி போடுகிறோம். முதலில் திரையில் நான்கு எண்களுக்குப் பதில் இரண்டு மட்டும் வரும்படி வையுங்கள், எழுத்து பெரிதாகும். அதுவும் போதாவிட்டால் அமோலெட் திரையுள்ள வாட்ச் இருட்டில் மிகத் தெளிவு. பழைய வகைத் திரை வெயிலில் விளக்கே இல்லாமல் தெரியும், பேட்டரியும் குறைவாகத் தின்னும். 255-க்கு ஜி.பி.எஸ்.ஸில் 30 மணி நேரம், அமோலெட் 265-க்கு 20 என்பது நிறுவனமே சொல்லும் கணக்கு. இரட்டை அலைவரிசையை இயக்கினால் 16, 14 என்று இறங்கும். எதைத் தேர்ந்தாலும் பட்டன் உள்ளதாகப் பாருங்கள். வியர்த்த விரலுக்குத் தொடுதிரை கட்டுப்படாது.

ஆப் கைவிட்டால்

போனை மாற்றிய பிறகு வாட்ச் சேர மறுப்பது பழைய மாடல்களில் நடக்கும். அதற்காகவே தூக்கிப் போட வேண்டாம். சார்ஜர் கேபிளைக் கணினியில் செருகினால் 235 ஒரு பென் டிரைவ் போலத் திறக்கும். உள்ளே ஆக்டிவிட்டி என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு ஓட்டமும் ஒரு ஃபிட் கோப்பாக இருக்கும். அதை ஸ்ட்ராவாவில் நேரடியாக ஏற்றலாம். 2020 ஜூலையில் கார்மினின் சர்வர்கள் இணையத் தாக்குதலால் சில நாள் முடங்கியபோது பலர் இப்படித்தான் சமாளித்தார்கள்.

தேதியே தப்பாகக் காட்டும் மிகப் பழைய வாட்ச் என்றால் அது வேறு. ஜி.பி.எஸ். தன் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரல் 6-ஆம் தேதி அது நடந்தது. அதற்கான மென்பொருள் திருத்தம் கிடைக்காத கருவிகள் சில, தேதியில் பத்தொன்பது ஆண்டுக்கு மேல் பின்னால் போய்விட்டன. அத்தகைய வாட்சுக்கு விடை கொடுக்கலாம்.

வாங்குவதென்றால்

பேட்டரி உங்கள் பந்தயத்துக்குப் போதவில்லை, அன்றாட பாதை பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் நடுவில் இருக்கிறது, திரையைப் படிக்க முடியவில்லை, அல்லது பட்டனோ சிப்போ நிஜமாகவே செத்துவிட்டது. இவற்றில் ஒன்று இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். வேறு காரணம் என்றால் அந்தப் பணத்தில் இரண்டு மூன்று ஜோடி நல்ல ஷூ வாங்கலாம். ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை வரும், அதன் பலன் முட்டியில் தெரியும்.

ஆகப் புதிய மாடல் தேவையில்லை. அடுத்தது வெளியானதும் முந்தைய தலைமுறையின் விலை இறங்கும், தீபாவளிக்கு முந்தைய தள்ளுபடிகளில் இன்னும் இறங்கும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கையில் வாங்கி வரச் சொல்வதற்கு முன், இந்தியாவில் வாரன்டி செல்லுமா என்று பாருங்கள். ஸ்ட்ராப்பையும் கவனியுங்கள். 255, 265 மாதிரி 22 மில்லிமீட்டர் சாதாரண ஸ்ட்ராப் எடுக்கும் மாடல் என்றால் எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும். 235-க்கு அதற்கென்றே செய்த ஸ்ட்ராப் வேண்டும்.

புதியதைப் பந்தய நாளில் முதன்முதலாகக் கட்டாதீர்கள். இரண்டு வாரம் கைக்கொன்றாகப் பழையதையும் புதியதையும் சேர்த்துக் கட்டி ஓடுங்கள். பழைய எண்களோடு புதியவை எவ்வளவு விலகுகின்றன என்று தெரிந்துவிடும். பிறகு பழையதை உங்கள் குழுவில் புதிதாக ஓடத் தொடங்கியிருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் உங்கள் கணக்கையும் தரவுகளையும் அதிலிருந்து நீக்குங்கள். சார்ஜரையும் மறக்காமல் சேர்த்துக் கொடுங்கள், பழைய மாடல்களின் சார்ஜர் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை.